உன் சிஸ்டத்தை நிறுத்துகிறோம், மச்சான்

மச்சான்,

வரும் ஞாயிறு இரவு, கடைகளுக்கு பில் போட நீ எழுதிய சிஸ்டத்தை நிறுத்துகிறோம். வேறு யார் சொல்லியாவது உனக்குத் தெரியவருவதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். போன் பண்ணியிருக்கலாம். நீ எடுத்திருப்பாயா என்பது வேறு விஷயம்.

கம்பெனிப் பங்கு, கையெழுத்து பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஏற்கெனவே ஆளுக்கொரு கதை ஓடுகிறது. பொதுவில் போடும் கடிதம் இது, நம் வாடிக்கையாளர்களும் படிப்பார்கள்.

புதியதை நானும் ஒரு ஜூனியரும் புரோகிராம் எழுதும் ஏஐ கருவியான கிளாட் கோட் (Claude Code) துணையோடு சில வாரங்களில் எழுதி முடித்தோம். நீ வருஷக்கணக்கில் கண்முழித்து எழுதியதை. இதைப் படிக்க உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். வேறு வழியும் இல்லை. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒருவர் தனி ஆளாக நம்மைப் போலவே ஒன்றைச் செய்து விற்கிறார். ஆபீஸ் கிடையாது, சம்பளத்துக்கு ஆள் கிடையாது. நம் மெனு வரிசைகூட அப்படியே. விலை மூன்றில் ஒரு பங்கு. வாடிக்கையாளர் ஒன்று கேட்டால் நாம் 'அடுத்த வெர்ஷனில் வரும்' என்போம். அவர் அன்று சாயங்காலமே கொடுத்துவிடுகிறார். நமக்கு எழுத ஒரு வருஷம் ஆனால் அடுத்தவனுக்கும் ஒரு வருஷம் ஆகும் என்பதுதானே இத்தனை நாள் நமக்கிருந்த காவல்? அது போய்விட்டது.

நீ போன பிறகு எனக்கு ஒரே ஒரு செய்திதான் அனுப்பினாய். 2025 ஜூனில், ஏஐ மூலம் ஆப் செய்து தரும் பேஸ்44 என்ற கம்பெனியை, வெப்சைட் செய்யும் விக்ஸ் கம்பெனி 8 கோடி டாலருக்கு வாங்கிய செய்தி. மாவோர் ஷ்லோமோ என்ற இஸ்ரேல்காரர் தனியாகத் தொடங்கி ஆறே மாதம் ஆன கம்பெனி. லிங்க் மட்டும், கூட ஒரு வார்த்தை இல்லை. பாராட்டா, குத்தலா? குத்தல் என்றே எடுத்துக்கொண்டேன்.

சரி, சொல்ல வந்தது வேறு. நீ எழுதிய பழைய புரோகிராமைப் படித்து, தேவையில்லாததை எடுத்துவிடச் சொன்னபோது, ஏஐ ஒரு பகுதியைக் காட்டி இது எதற்கென்று தெரியவில்லை, நீக்கலாமா என்று கேட்டது. மலேசிய மாநிலங்களில் கிளந்தான், திரெங்கானு, கெடாவுக்கு வெள்ளி, சனி வார விடுமுறை. ஜோகூருக்கு மட்டும் 1.1.2025 முதல் சனி, ஞாயிறு. மேலே ஒரே வரி: 'அக்கா சொன்னது'.

2024 டிசம்பர் கடைசி. கிள்ளானில் அந்த மொத்த வியாபாரக் கடை. ஜனவரி 1-ஆம் தேதி அவர்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது வரித் துறைக்கு ஆன்லைனில் அனுப்பும் பில், கட்டாயமாகிறது. நான் முதலாளியோடு விலை பேசிக்கொண்டிருந்தேன். நீ கணக்குப் பிள்ளை அக்கா மேசைக்குப் பக்கத்தில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, அவர் பில் போடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாய். மதியத்திலிருந்து கடை அடைக்கும்வரை. 'கிளந்தான் கோத்தாபாருக்கு லாரி வியாழக்கிழமை போய்ச் சேரும், வெள்ளி சனி யாரும் சாமானை எண்ண மாட்டாங்க தம்பி, ஞாயித்துக்கிழமைதான் ரெண்டு மூட்டை குறையுதுன்னு போன் வரும்' என்றார் அக்கா. இன்வாய்ஸை ரத்து செய்ய எல்எச்டிஎன், அதாவது மலேசிய வருமான வரித் துறை, கொடுப்பது 72 மணி நேரம். தாண்டினால் தொகையைக் குறைக்க கிரெடிட் நோட் என்று தனிச் சீட்டு போட வேண்டும், அதற்கு ஒரு சண்டை. சரக்கு வந்து சேர்ந்ததற்கான டெலிவரி சீட்டில் (டிஓ) கையெழுத்து வாங்கி டிரைவர் படம் அனுப்பும்வரை இன்வாய்ஸை நிறுத்திவை என்று அன்றே எழுதிவிட்டாய். நான் திட்டினேன். யாரும் காசு கொடுத்துக் கேட்காத வேலை என்றேன்.

அந்தக் கடை இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. பினாங்குக்காரரின் மலிவு விலையைப் பார்த்துவிட்டும் இருக்கிறது. விளக்கிச் சொன்னதும் ஏஐ அந்தப் பகுதியை உன்னைவிடச் சுத்தமாக எழுதிவிட்டது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஜூனியர் பெண்ணை இப்போது வாரத்தில் பாதி நாள் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும்தான் அனுப்புகிறேன். கடைகளில் போய் உட்காரத்தான். போட்டியே இனி அங்கேதான் என்று நினைக்கிறேன். யாருக்கு எந்த அக்கா வாய் திறந்து சொல்கிறார் என்பதில்.

இதை நீ உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். இரண்டே சொல்லை எழுதிவைத்துவிட்டு சிங்கப்பூர் சம்பளத்துக்குப் போய்விட்டாய். அந்த இரண்டு சொல்லோடு நிற்காமல் விளக்கிவிட்டுப் போயிருந்தால், இந்தத் தொழிலில் எது நம்முடையது என்று நான் இன்னும் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பேன். அப்பாவுக்கு ஆபரேஷன், பணம் தேவை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை. அப்பா எப்படி இருக்கிறார்?

அப்புறம், மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் சரிபார்த்தபோது ஒன்று தெரிந்தது. பேக்கப் சர்வரின் மாதக் கட்டணம் இன்னும் உன் கார்டிலிருந்துதான் போகிறது. ஏன் சொல்லவில்லை? திங்கட்கிழமை அதை நிறுத்திவிடு. இதுவரை போனதைக் கணக்குப் போட்டு அனுப்பு, தருகிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே.