வயல் வெட்டையில் நிற்பவர்கள் எந்த வீட்டுக்குள் போவது?

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

திருகோணமலை மாவட்டம், தம்பலகாமத்து வயல்காரி ஒருத்தி எழுதுகிறேன். இடிதாங்கி பூட்டிய ஒரு கல்வீடு எங்கள் வயல் கண்டத்துக்கு வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறோம். கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன. அதனால் பழைய கதையை விட்டுவிட்டு, போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பின்னேரம் மூன்று மணி. பதினொரு பெண்கள் களை பிடுங்கிக்கொண்டிருந்தோம். கந்தளாய்ப் பக்கமாக வானம் கறுத்தது. மின்னியதும் எண்ணத் தொடங்கினேன். பதினைந்து எண்ணுவதற்குள் இடி முழங்கியது. சத்தம் ஒரு கிலோமீற்றர் வர மூன்று செக்கன் எடுக்கும். அப்படியென்றால் மின்னல் ஐந்து கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. வரம்பு வழியாக வீட்டுக்குப் போக எங்களுக்கு நாற்பது நிமிடம் வேண்டும்.

இரண்டு பிள்ளைகள் வாய்க்கால் கரை மருத மரத்தடிக்கு ஓடினார்கள். தொண்டை கிழியக் கத்தித் திருப்பிக் கூப்பிட்டேன். மண்வெட்டிகளைத் தூர எறிந்துவிட்டு, ஆளுக்கு ஆள் விலகி, கால்களைச் சேர்த்துக் குந்தினோம். எங்களோடு வந்த பெரியம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது, முழங்கால் வருத்தம். அவவால் குந்த முடியவில்லை. அந்த வெட்டையில் எல்லோரிலும் உயரமாக, நனைந்த சேலையோடு, "நீங்கள் குனியுங்கள் பிள்ளையள்" என்று சொல்லிக்கொண்டு நின்றா. அரை மணித்தியாலம் அப்படியே நின்றா.

மழை விட்டபின் மருத மரத்தைப் போய்ப் பார்த்தோம். உச்சியிலிருந்து வேர் வரை ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை உரிந்து, உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. அடியில் கட்டியிருந்த பசு செத்துக் கிடந்தது. கன்று அதன் மடியை முட்டிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் ஓடிய இடம் அதுதான்.

நீங்கள் தந்த துண்டுப்பிரசுரம் என் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மரத்தடியில் நிற்காதே, உழவு மெசினில் இருக்காதே, வீட்டுக்குள் போ என்கிறது. எல்லாம் சரி. எந்த வீட்டுக்குள்? எங்களுக்கு இருப்பது நான்கு கம்பும் ஒரு தகரமும். சுவரில்லாத கொட்டில் மின்னலுக்குப் பாதுகாப்பில்லை என்று கூட்டத்தில் சொன்னதும் உங்கள் ஆட்கள்தான்.

1964 சூறாவளியும் 2004 சுனாமியும் கண்ட மாவட்டம் இது. பெரிய அழிவு வந்தால் வாகனம் வருகிறது, படம் எடுக்கிறார்கள், அரிசி வருகிறது. மின்னல் ஒவ்வொருவராகத்தான் கொண்டுபோகிறது. ஒரு கூலிக்காரி செத்தால் அது அவள் வீட்டுத் துக்கமாக முடிந்துவிடுகிறது. எத்தனை பேர் செத்தால் எங்களையும் கணக்கில் எடுப்பீர்கள்? எச்சரிக்கைச் செய்தியும் பல நாள் சிங்களத்தில் முதல் வருகிறது. தமிழில் வந்து சேரும்போது நாங்கள் நனைந்து முடிந்திருப்போம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் பணிவாகக் கேட்கிறேன். நாலு பக்கமும் சுவர், மேலே கொங்கிறீட், நிலத்துக்குள் ஒழுங்காக இறக்கிய செப்புக் கம்பியோடு ஓர் இடிதாங்கி. இருபது பேர் நிற்கக் கூடிய ஓர் அறை போதும். ஐப்பசியில் இடிமழை திரும்பவும் தொடங்கும், அதற்கு முன் கட்டித் தாருங்கள். வாய்க்கால் கட்டோரம் மேட்டு நிலம் இருக்கிறது. கல்லும் மண்ணும் சுமக்க நாங்கள் பதினொரு பேரும் வருகிறோம். அளக்க எப்போது வருவீர்கள் என்று மட்டும் அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
களை பிடுங்கும் பெண்கள் சார்பில் ஒருத்தி