தாய்ப்பன்றிக்கு ஒரே வரி போதாது: பன்றி வளர்ப்புப் பயிற்சி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

பன்றி வளர்ப்புப் பயிற்சி நடத்தும் ஆசிரியர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

இப்படி ஒரு பயிற்சியில் உட்கார்ந்து குறிப்பெடுத்துத்தான் நானும் பண்ணை தொடங்கினேன். இனம், கொட்டில் அளவு, தடுப்பூசி என்று மூன்று நாள் ஓடியது. தீவனத்துக்குக் கிடைத்தது அரை மணி நேரமும் ஓர் அட்டவணையும். பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்குத்தான் போகிறது. அதற்கு அரை மணி நேரம் எப்படிப் போதும்? அட்டவணையில் தப்பில்லை. ஆனால் எந்த இடத்தில் அட்டவணையை விட்டுவிட்டுப் பன்றியைப் பார்க்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் முதல் பன்றி பதினொரு குட்டி போட்டது. அட்டவணையில் 'தாய்ப்பன்றி' என்று ஒரே வரி இருந்ததால், சினையில் கொடுத்த அதே இரண்டரை கிலோவையே ஈன்ற பிறகும் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அதன் முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. படுத்து எழும்போது பின்னங்கால் நடுங்கியது. குட்டிகள் காம்பை விட்டுவிட்டு ஓயாமல் கத்தின.

பால் கொடுக்கும் பன்றிக்குத் தன் உடம்புக்கு 2 கிலோ, அப்புறம் குட்டிக்கு அரை கிலோ வீதம் தீவனம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பதினொரு குட்டிக்கு ஏழரை கிலோ வருகிறது. நான் கொடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. மீதியை அது தன் சதையை உருக்கிக் குட்டிகளுக்குக் கொடுத்தது. பால் மறக்கடித்த பிறகு நான்கிலிருந்து ஏழு நாளில் பருவத்துக்கு வர வேண்டிய பன்றி, ஒரு மாதமாகியும் வரவில்லை. மலடு, தள்ளிவிடு என்றார்கள். அது மலடில்லை, பட்டினி கிடந்த பன்றி.

அதற்காக ஈன்ற அன்றே ஏழு கிலோவைக் கொட்டிவிடவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒரு வாரத்தில் அது தின்னும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீரும் அதே அளவு முக்கியம்: பால் கொடுக்கும் பன்றி ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். தண்ணீர் வராவிட்டால் தீவனம் தொட்டியிலேயே கிடக்கும். இப்போது நான் குழாய் முனையில் பாத்திரத்தைப் பிடித்து, ஒரு நிமிடத்தில் 2 லிட்டர் வருகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

சினைக்காலத்தில் தப்பு எதிர்ப்பக்கம் நடக்கிறது. 114 நாளும் பாவம் என்று அள்ளிப் போடுகிறோம். கொழுத்த பன்றிக்கு ஈனுவது சிரமம். ஈன்ற பிறகு தீனியும் குறைந்துவிடும், அதாவது தின்ன வேண்டிய நேரத்தில் தின்னாது. கிலோ கணக்கைவிட இங்கே கைதான் நல்ல அளவுகோல். முதுகிலும் இடுப்பிலும் உள்ளங்கையை வையுங்கள். அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட்டால் மெலிவு. அழுத்தினால் தட்டுப்படுவது சரியான உடம்பு. எவ்வளவு அழுத்தியும் தெரியாவிட்டால் தீவனத்தைக் குறைக்க வேண்டும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் எனக்கு இது தெரியவர இரண்டு வருடம் ஆனது.

குட்டிகளைப் பற்றிச் சொல்லும்போது சீம்பாலிலிருந்து தொடங்குங்கள். கருவில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் பன்றிக்குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால்தான் அதற்கு முதல் காப்பு. ஒரு நாள் கடந்தால் அந்தப் பொருள்களைக் குடல் உள்ளே விடாது. பலவீனமான குட்டியைப் பிடித்துக் காம்பில் வைப்பதும் தீவனப் பாடம்தான். தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் முதல் சில நாளிலேயே இரும்பு ஊசி போடச் சொல்வதை எல்லோரும் சொல்கிறீர்கள், நல்லது.

நான் அதிகம் இழந்தது பால் மறக்கடித்த வாரத்தில். இருபத்தெட்டாம் நாள் தாயைப் பிரித்து, அன்றைக்கே பெரிய பன்றிகளுக்குப் போடும் தவிட்டுக் கலவையை வைத்தேன். முதல் நாள் முகர்ந்துவிட்டுப் போயின. இரண்டாம் நாள் பசி தாங்காமல் வயிறு முட்டத் தின்றன. நான்காம் நாள் வாலடி நனைந்து, வயிறு ஒட்டி, மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பாலைச் செரித்துப் பழகிய குடலுக்கு மாவையும் புண்ணாக்கையும் செரிக்கக் கற்றுக்கொள்ள நாள் வேண்டும். அதனால்தான் பத்தாவது நாளிலிருந்தே, தாயோடு இருக்கும்போதே, எளிதில் செரிக்கும் குட்டித் தீவனத்தை ஒரு கைப்பிடி மட்டும், தினமும் புதிதாக வைக்க வேண்டும். பிரித்த பிறகும் சில நாள் அதே தீவனம், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவையாக. இதை 'குட்டித் தீவனம் 20% புரதம்' என்ற ஒரு வரி எப்படிச் சொல்லும்?

வளரும் பன்றிக்கு உங்கள் அட்டவணை ஓரளவு போதும். உடம்பு ஏற ஏற புரதம் 18 சதவீதத்திலிருந்து 14 வரை இறங்கலாம். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தானியக் கலவையில் முதலில் குறைவது லைசின், அதாவது புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. அது குறைந்தால் மற்ற புரதம் எவ்வளவு இருந்தாலும் சதையாகாது. சிறுநீரில் போய்க் கொட்டிலில் நெடியாக வீசும். பூஞ்சை பிடித்த சோளத்தைப் பெண் பன்றிக்குப் போடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். சில பூஞ்சை நஞ்சு பருவச் சுழற்சியையே குலைத்துவிடும்.

நான் கேட்பது இரண்டுதான். அட்டவணையில் 'தாய்ப்பன்றி' என்ற வரியைச் சினை, ஈனும் வாரம், பால் கொடுக்கும் காலம் என்று மூன்றாகப் பிரியுங்கள். பயிற்சியின் ஒரு நாளைக் கொட்டிலுக்குள் நடத்தி, வந்த ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று பன்றிகளின் முதுகில் கை வைத்துப் பார்க்கட்டும். இடம் இல்லையென்றால் என் பண்ணைக்கு வாருங்கள். பால் கொடுப்பது இரண்டு, நிறைசினையில் ஒன்று நிற்கிறது. அடுத்த வாரம் ஈனும்.

இப்படிக்கு,
ஒரு பன்றி வளர்ப்பாளர்