ஆய்வாளர் ஐயா, அந்த இரண்டாவது சமூகம் எது?

காவல் நிலையங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யும் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். ஜாமீன் மனு போட்டே தலை நரைத்த கீழமை நீதிமன்ற வழக்கறிஞன் எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு டீக்கடைக்காரர் எனக்குக் கட்சிக்காரர் ஆனார். ‘எங்கள் தெருச் சாக்கடைக்கு ஒதுக்கிய பணம் எந்த அதிகாரி வீட்டு மாடியாக எழும்பி நிற்கிறது?’ என்று முகநூலில் கேட்டிருந்தார். பதிந்த வழக்கோ புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 196ஆவது பிரிவில்: சமூகங்களுக்கிடையே பகைமை மூட்டியதாக. வேடிக்கை என்னவென்றால், கோபப்பட்ட அதிகாரியும் கடைக்காரரும் ஒரே கோயிலுக்கு வரி கொடுப்பவர்கள்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவுதான் இன்றைய 196. மதம், இனம், மொழி, சாதி போன்றவற்றின் பெயரால் ஒரு பிரிவினரை இன்னொரு பிரிவினர்மேல் ஏவிவிடுவதைத் தடுக்க வந்தது. குறைந்தது இரண்டு பிரிவினர் சம்பந்தப்பட வேண்டும் என்று பிலால் அகமது காலு வழக்கில் 1997லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகாரி ஒரு சமூகம் அல்ல. அமைச்சரும் அல்ல.

மேகாலயாவில் 2020 ஜூலையில், கூடைப்பந்து ஆடிய பழங்குடி அல்லாத இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். நடவடிக்கை எங்கே என்று முதல்வரையும் காவல்துறையையும் ஊர்ச் சபையையும் கேட்ட பத்திரிகை ஆசிரியர் பட்ரீசியா முகிம்மீது 153ஏ பாய்ந்தது. உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்தான் அதை ரத்து செய்தது. அரசின் செயலின்மையைக் கண்டிப்பது பகைமை வளர்ப்பது ஆகாது என்றது. அவரால் டெல்லி வரை போக முடிந்தது. என் கட்சிக்காரரால் மாவட்டத் தலைநகருக்குப் போவதற்கே ஒரு நாள் வியாபாரம் போய்விடும்.

சரி, அதிகாரிக்கு உண்மையிலேயே மானம் போயிருந்தால்? அதற்கு 356ஆவது பிரிவு இருக்கிறது, அவதூறு. ஆனால் அது ஜாமீனில் விடத்தக்க குற்றம். நீதிமன்ற உத்தரவில்லாமல் நீங்கள் அதில் விசாரணையே நடத்த முடியாது. வழக்கு நடந்தால் அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். நான் எழுந்து, ‘அந்தச் சாக்கடைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்?’ என்று குறுக்கு விசாரணை செய்வேன். 196இல் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. புகார் எழுத ஓர் அலுவலக உதவியாளர் போதும். ஜாமீனில் விட முடியாத குற்றம் என்பதால் வெள்ளிக்கிழமை மாலை கைது செய்தால் சனி, ஞாயிறு உள்ளேதான். உங்களுக்கு இது தெரியாததல்ல. மேலிடத்துத் தொலைபேசி வரும்போது உங்கள் நிலைமையும் எனக்குத் தெரியாததல்ல.

அதனால்தான் உங்களுக்குக் கேடயமாக ஒன்றை நினைவூட்டுகிறேன். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், வழக்குப் பதியுமுன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(3) இடம் தருகிறது. பேச்சு, எழுத்து தொடர்பான இத்தகைய புகார்களில் அப்படிச் செய்வதே முறை என்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தொலைபேசியில் அழைப்பவரிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை 196 என்று எழுதுமுன், பகைத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் இரண்டு சமூகங்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது பெயர் வரவில்லையென்றால், புகார்தாரருக்கு நீதிமன்றம் போக வழி சொல்லி அனுப்புங்கள். எங்கள் ஊரில் அது பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்