குச்சிக் கம்ப்யூட்டரும் உன் கடை மேசையும்

செங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பள்ளிக்கூடச் சேர்க்கை நேரம், சான்றிதழ் நகலுக்குக் கடையில் வரிசை ஓயவில்லை. வெளியே சாரல் வேறு. ஜெராக்ஸ் தாளெல்லாம் நமுத்துப்போய் மெஷினுக்குள் சிக்குகிறது.

புனலூர்க் கடையில் இருக்கும் இரண்டு பழைய கம்ப்யூட்டரையும் தள்ளிவிட்டு, டிவியில் செருகுகிற குச்சிக் கம்ப்யூட்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். நான் அதில் ஏற்கெனவே சூடுபட்டவன். 2015-இல் இன்டெல் கம்ப்யூட் ஸ்டிக் வந்தது, ஐபால் நிறுவனமும் 8,999 ரூபாய்க்கு ஒன்று போட்டது. பென் டிரைவை விடக் கொஞ்சம் பெரிது, அதற்குள் முழு விண்டோஸ். ஆசை யாரை விட்டது? மறு வருஷமே வேறொரு கம்பெனியின் குச்சி ஒன்றை வாங்கினேன். 2 ஜிபி ரேம், 32 ஜிபி இடம்.

செருகினால் போதும் என்றுதான் நினைத்தேன். டிவியின் எச்டிஎம்ஐ துளையிலிருந்து வரும் கரண்ட் அதற்குப் பற்றாது, தனி அடாப்டர் வேண்டும். யுஎஸ்பி துளை ஒன்றே ஒன்று. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் மூன்றுக்குமாக ஹப் வாங்கினேன், அந்த ஹப்புக்கும் ஒரு அடாப்டர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கம்ப்யூட்டர் சிறுத்ததே தவிர, மேசையில் வயர் ஒன்றுகூடக் குறையவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் விண்டோஸ் பெரிய அப்டேட் வந்தபோது உள்ளே இடமே இல்லை. பென் டிரைவ் செருகி, இருந்ததையெல்லாம் அழித்து, ஒரு நாள் வியாபாரம் போயிற்று. ரேமும் சேமிப்பும் போர்டிலேயே பற்றவைத்தவை, கூட்டவும் முடியாது மாற்றவும் முடியாது. சித்திரை வெயிலில் டிவிக்குப் பின்னால் கொதித்துப்போய் நகரவே நகராது.

கரண்டு மிச்சம் என்று எழுதியிருந்தாய், அது நிஜம். பழைய பெட்டி 80 வாட் இழுத்தால் இது 10 வாட்டில் முடித்துக்கொள்ளும். பத்து மணி நேரத்துக்கு முக்கால் யூனிட் போல மிஞ்சும். மானிட்டர் இழுப்பது மட்டும் அப்படியேதான்.

யாராவது பழைய குச்சியை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்கிவிடாதே. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் வேண்டும். உன் மகன் சொல்கிற ராஸ்பெர்ரி பை என்ற சின்ன போர்டு கம்ப்யூட்டர் நல்ல சாமான்தான், ஆனால் அதில் வழக்கமாக ஓடுவது லினக்ஸ்; கணக்கு எழுதுகிற டாலி மென்பொருளோ விண்டோஸுக்கென்றே செய்தது. உன் கணக்குப்பிள்ளை டாலியை விடுவாரா? அவரைச் சமாதானப்படுத்த உன்னால் ஆகாது.

சிறிதாக இருந்தால் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. நம் செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் ரயிலும் அழகாகத்தான் இருந்தது. 2010-இல் நிறுத்தி, 2018-இல் அகலப் பாதையாக்கித்தானே திரும்ப விட்டார்கள்.

உனக்கு ஏற்றது உள்ளங்கை அகல மினி கம்ப்யூட்டர் பெட்டி. மானிட்டரின் முதுகிலேயே திருகி மாட்டிவிடலாம். 2023-இல் வந்த இன்டெல் என்100 சிப் போட்டது உன் பில்லுக்கும் டாலிக்கும் தாராளம், கரண்டும் கொஞ்சம்தான். ரேமையும் சேமிப்புக்கான எஸ்எஸ்டியையும் கழற்றி மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கு. ஒன்றை மட்டும் முதலில் வாங்கி, மிளகு சீசன் முழுக்க ஓட்டிப் பார். பழையதை அதுவரை பரணில் வை.

என் குச்சியைத் தூக்கி எறியவில்லை. கடை வாசல் டிவியில் ஜெராக்ஸ், லேமினேஷன் கட்டணத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. இன்டர்நெட் கிடையாது, யாரும் தொடுவதும் இல்லை, அதனால் மக்கர் பண்ணுவதும் இல்லை. அன்றைய மிளகு, கிராம்பு விலை போட உனக்கும் அப்படி ஒன்று உதவும். வேண்டுமென்றால் இதையே எடுத்துக்கொள்.

அடுத்த ஞாயிறு ரயிலில் வருகிறேன். வழியில் வரும் கழுதுருட்டி ரயில் பாலத்தைப் பார்த்தும் நாளாயிற்று. அதற்குள் உன் பிரிண்டர் என்ன மாடல், மேசைக்குப் பின்னால் எத்தனை வயர் செருகியிருக்கிறது என்று எண்ணி வை. மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். மத்தியானம் கப்பையும் மீன்குழம்பும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அன்புடன்,
கணேசன்