தம்பியின் வண்டி பாலிசி பற்றி அப்பாவுக்கு

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா
12.4.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். அங்கே நீங்களும் அம்மாவும் தம்பியும் மேலூர் அத்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. எனக்கு நேர்ந்த விபத்துச் செய்தி திருமங்கலத்து மாமா மகன் வாயால் வீட்டுக்குத் தெரிய வந்ததில் அம்மாவுக்கு இருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது. போனில் சொன்னால் அம்மா அழுவாள், உங்களுக்குப் பாதிதான் காதில் விழும், மீதியை அத்தை தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார் என்பதால்தான் எல்லாவற்றையும் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: கை, கால், கண் எல்லாம் சரியாக இருக்கின்றன. பொங்கலுக்கு அடுத்த வாரம், இரவு வேலை முடிந்து செயலியில் பதிவு செய்த காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, சிவப்பு விளக்கை மதிக்காமல் வந்த வேறொரு கார் நாங்கள் போன காரின் பக்கவாட்டில் மோதியது. இடது தோளில் காரை எலும்பில் விரிசல் விட்டது. அறுவை சிகிச்சை இல்லை, தொட்டில் கட்டுதான், அதையும் எடுத்துவிட்டார்கள். வேலையிடத்தில் கனமான பெட்டி தூக்காத வேலையாகப் பார்த்துத் தருகிறார்கள். வாரத்துக்குச் சில நாட்கள்தான் வரச் சொல்கிறார்கள், உடம்புக்கும் ஓய்வு வேண்டுமல்லவா. இந்த மாதம் அனுப்பிய தொகை குறைந்திருப்பது வங்கி மாற்றத்தில் ஏற்பட்ட தாமதம், அதைப் பெரிதாக எண்ண வேண்டாம்.

மருத்துவச் செலவை யார் தருகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அது ஒரே வரியில் முடிகிற பதில் இல்லை. தவறு மோதியவர் மீது என்பதால் முதலில் அவருடைய இன்சூரன்ஸ்தான் தர வேண்டும். ஆனால் இந்த மாநிலத்தில் ஒருவர் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய பாலிசியின் அளவு, காயமடைந்த ஒருவருக்கு 30,000 டாலர்தான். அதுவும் 2025 ஜனவரியில்தான் 15,000-லிருந்து உயர்த்தப்பட்டது. மோதியவரிடம் அந்தக் குறைந்த அளவு பாலிசிதான் இருந்தது. இங்கே ஆம்புலன்ஸ், ஸ்கேன், அவசரப் பிரிவு என்று ஓர் இரவு கழிந்தாலே அந்தத் தொகை எந்தப் பக்கம் போனதென்று தெரியாது. நம் ஊரில் மூன்றாம் நபருக்கு ஏற்படும் உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் கட்டாய பாலிசியில் தொகை வரம்பே இல்லை. தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு. இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் இவர்களுடையதைவிட மனிதத்தன்மை உள்ளது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மோதியவரின் பாலிசி போதாதபோது, பயணியாக இருந்தவருக்காகச் செயலி நிறுவனம் வைத்திருக்க வேண்டிய இன்னொரு பாதுகாப்பு உண்டு. எதிராளியிடம் இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலோ, போதாவிட்டாலோ அது கைகொடுக்கும். கடந்த ஆண்டு கடைசி வரை அதன் அளவு 10 லட்சம் டாலர். இந்த ஜனவரி 1 முதல் புதிய சட்டப்படி ஒருவருக்கு 60,000, ஒரு விபத்துக்கு 3 லட்சம் என்று இறக்கிவிட்டார்கள். எங்கள் ஓட்டுநர் மீதே தவறு இருந்திருந்தால், அதற்கென்று நிறுவனம் வைத்திருக்கும் வேறொரு காப்பீட்டில் 10 லட்சம் இப்போதும் அப்படியே உண்டு. தவறு அடுத்தவர் மீது என்பதால் எனக்குக் குறைவு. வழக்கறிஞர் முன்பணம் வாங்கவில்லை, வருகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தவர் கீழ்வீட்டுக் கிழவர். ஆப்கானிஸ்தானில் ஹெராத் ஊர்க்காரர். இந்த ஊரில் அவர்கள் நாட்டவர் நிறையப் பேர். அவரும் செயலியில் கார் ஓட்டுகிறவர்தான். விடியற்காலையில் குளிர்க்காற்று எலும்பைத் துளைக்கும்போது கூட, ஈரத்துணியால் காரைத் துடைத்துக்கொண்டு, அதோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பார். ஸ்டியரிங் பக்கத்தில் சட்டைப்பை அளவில் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பேனா. பக்கத்துக்கு மூன்று கட்டம்: செயலியைத் திறந்த நேரம், சவாரியை ஒப்புக்கொண்ட நேரம், இறக்கிவிட்ட நேரம். நீங்கள் பேருந்தில் கண்டக்டராக ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் எழுதியது போலவே எழுதுகிறார். நிறுவனத்தின் கணினியில்தான் எல்லாம் பதிவாகிறதே என்று கேட்டேன். “அது அவர்கள் நோட்டு, இது என் நோட்டு” என்றார்.

அந்த மூன்று கட்டங்களில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. செயலி மூடியிருந்தால் அவருடைய சொந்த பாலிசி மட்டும். திறந்து வைத்துச் சவாரிக்காகக் காத்திருக்கும்போது மோதினால், காயமடைந்தவருக்கு 50,000, ஒரு விபத்துக்கு 1 லட்சம், பொருள் சேதத்துக்கு 30,000 டாலர். சவாரியை ஒப்புக்கொண்ட நொடியிலிருந்து பயணி இறங்கும் வரை 10 லட்சம். முன்பு அந்த நடுக்கட்டத்துக்கு நாதியில்லை. 2013 டிசம்பர் 31 இரவு சான் ஃபிரான்சிஸ்கோவில் சாலையைக் கடந்த ஆறு வயதுச் சிறுமி இப்படிச் சவாரிக்குக் காத்திருந்த ஒரு கார் மோதி இறந்துபோனாள். காரில் பயணி இல்லை, ஆகவே எங்கள் பொறுப்பில்லை என்றது நிறுவனம். அதன் பிறகே சட்டம் போட்டு, 2015 ஜூலையிலிருந்து அந்த இடைவெளியை அடைத்தார்கள். காயமடைகிற ஓட்டுநருக்கும், 2020-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டப்படி, 10 லட்சம் டாலர் வரை மருத்துவச் செலவுக்குத் தனிக் காப்பீடு உண்டு.

கிழவர் வாரம் ஒருமுறை செய்தித்தாளில் சுற்றிய ரொட்டியைக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். சுடச்சுட நன்றாகத்தான் இருக்கும். அன்று மருத்துவமனையில், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவர் பெயரும் எண்ணும் கேட்டார்கள். நான் நம் வீட்டு எண்ணைச் சொன்னேன். உள்ளூர் எண்தான் வேண்டும் என்றாள் அந்தப் பெண். சற்று நேரம் யோசித்துவிட்டு, ரொட்டிக் கிழவரின் எண்ணைக் கொடுத்தேன். அப்பா, அந்த இரவு முழுவதும் எனக்கு விளக்குத்தூண் பக்கத்துப் பருத்திப்பால் நினைப்பாகவே இருந்தது. சுக்கும் கருப்பட்டியும் மணக்க, கையில் பிடிக்க முடியாத சூட்டில் டம்ளரை வேட்டி நுனியால் பிடித்து நீங்கள் ஆற்றித் தருவீர்களே, அது. அம்மாவிடம் இதை வாசித்துக் காட்ட வேண்டாம்.

இனி வீட்டு விஷயம். தம்பி தன் இருசக்கர வண்டியைச் செயலியில் இணைத்துச் சவாரி ஏற்றுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். உழைக்கிறான், சந்தோஷம். ஆனால் வண்டி வெள்ளை போர்டு. பாலிசி சொந்த உபயோகத்துக்கு எடுத்தது. அதுவும் வெறும் தேர்டு பார்ட்டியாக இருந்தால், சொந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பாதுகாப்பு இல்லை. வாடகைக்கு ஓட்டினான் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம், அல்லது நீதிமன்ற உத்தரவுப்படி கட்டிவிட்டுத் தம்பியிடமே வசூலிக்கலாம். ஆர்.சி. அவன் பெயரில்தானே இருக்கிறது? செயலி நிறுவனங்கள் பயணிக்கு 5 லட்சம், ஓட்டுநருக்கு 5 லட்சம் மருத்துவக் காப்பீடும் 10 லட்சம் ஆயுள் காப்பீடும் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அவனுக்கு அப்படி ஏதாவது சான்று வந்திருக்கிறதா என்று செயலிக்குள் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அத்தை மகன் விஷயம் அதைவிட அவசரம். மாசி மாதம் மாட்டுத்தாவணி அருகே பைக் டாக்ஸியிலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்திருக்கிறான், 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். போடவே கூடாது. எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பெரியாஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பியும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) டிஸ்சார்ஜ் சம்மரியும் வாங்கி வையுங்கள், மருந்துச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போட வேண்டாம். முதல் 48 மணி நேரச் சிகிச்சை தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் இலவசமாக வந்திருக்க வேண்டும். அதற்கும் அத்தை வீட்டாரிடம் பணம் வாங்கினார்களா என்று கேளுங்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் நடைமுறை. மதுரை நீதிமன்றத்திலேயே போடலாம். வழக்கு இழுத்துக்கொண்டு போகும் என்று அத்தை பயப்படுவார். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடிக்க வழி இருக்கிறது. இழப்பீடு தராததால் கோர்ட் அமீனா வந்து உங்கள் பேருந்தை ஜப்தி செய்த கதையை நீங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். அதை இப்போது அத்தைக்கும் ஒருமுறை சொல்லுங்கள், தைரியம் வரும்.

தம்பியின் பாலிசியை முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வாடகைக்கு ஓட்டுவதற்கும் செல்லுபடியாகும் முழு பாலிசியாக மாற்றுவதற்கான தொகையை அடுத்த மாதம் நான் அனுப்பிவிடுகிறேன். அதுவரை அவன் ஆளை ஏற்ற வேண்டாம், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பதென்றாலும் அந்தப் பாலிசியில் அதற்கு இடமிருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேட்டுவிட்டே செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு: அம்மா கேட்ட மூட்டுத் தைலம் திருமங்கலத்து மாமா மகன் ஊருக்கு வரும்போது கொடுத்துவிடுகிறேன்.