முழங்காலில் தெரிந்த ஒளி

அன்புள்ள மகளுக்கு,

மருந்தைச் சுமக்கும் லைப்போசோம்கள் என்ற நுண்ணிய கொழுப்புத் துகள்கள் உடலில் எங்கே போகின்றன என்று அறிய, அவற்றின்மேல் கதிரியக்க அணுவை அடையாளமாக இட்டு நீ எடுத்தனுப்பிய பெட் ஸ்கேன் படத்தை நேற்றிரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டெலியின் விலாப்பக்கத்தில் வளர்ந்த கட்டி மூன்றாம் நாளில் அவ்வளவு தெளிவாக ஒளிர்ந்ததைக் கண்டு நீ அடைந்த மகிழ்ச்சி உன் வரிகளிலேயே தெரிந்தது. ஆனால் பழைய பழக்கம் என்னை விடவில்லை. என் கண் கட்டியில் நிற்காமல், எலியின் முழங்கால்களிலும் தோள் மூட்டுகளிலும் முதுகெலும்பு நெடுகிலும் மங்கலாகத் தெரிந்த ஒளியின்மீது போய்விட்டது. அதைப் பற்றி நீ ஒரு சொல்லும் எழுதவில்லையே என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த அடையாளமாக நீ சிர்கோனியம்-89ஐத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மறுப்பில்லை. பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பாலிமரால் போர்த்திய லைப்போசோம்கள் இரத்தத்தில் நெடுநேரம் சுற்றுபவை. 110 நிமிடங்களில் பாதியாகிவிடும் ஃபுளோரின்-18 அவற்றோடு வெகுதூரம் வராது. 6 மணி நேர அரை ஆயுள் கொண்ட டெக்னீசியம்-99எம் ஒரு நாளைத் தாண்டத் திணறும். ஏறத்தாழ 78 மணி நேர அரை ஆயுளுள்ள சிர்கோனியமோ துகளின் பயணம் முடியும்வரை துணைவரும். ஆனால் துகளைவிட்டுப் பிரிந்த பிறகும் அது ஒளிர்ந்துகொண்டே இருக்கும் என்பதுதான் தொல்லை.

1923இல், கதிரியக்க அடையாள முறையின் முன்னோடியான ஜார்ஜ் டி ஹெவேசி பீன்ஸ் செடிகளைக் கதிரியக்க ஈயம் கலந்த கரைசலில் வைத்து, வேர் உறிஞ்சிய ஈயம் தண்டுக்கும் இலைக்கும் எவ்வாறு போகிறது என்று அளந்தார். அங்கே ஈயத்தைக் காட்டிக்கொடுத்தது ஈயமே; அடையாளமும் அடையாளமிடப்பட்ட பொருளும் ஒன்றாகவே இருந்தன. நாமோ கொழுப்பாலான ஒரு துகளின்மேல் அதற்குச் சற்றும் உறவில்லாத ஓர் உலோக அணுவைத் தொங்கவிடுகிறோம். மாட்டின் கழுத்தில் மணி கட்டிவிட்டு, ஓசை வரும் இடத்திலெல்லாம் மாடு மேய்வதாக நம்புவதைப் போன்றது இது. மணி அறுந்து வேறெதன் கழுத்திலோ ஏறிவிட்டால் காதுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

சிர்கோனியத்தைப் பிடித்துவைக்க நீ பயன்படுத்திய டெஸ்ஃபெரியாக்சமின், இரும்பைப் பற்றுவதற்கென்றே இயற்கையில் அமைந்த மூலக்கூறு. அதற்கு ஆறு பிடிகள்தாம் உண்டு. சிர்கோனியம் எட்டை விரும்பும். அதனால் நாட்கள் செல்லச் செல்ல ஒரு பகுதி நழுவிப்போய், எலும்பின் பாஸ்பேட்டோடு ஒட்டிக்கொள்கிறது. உன் படத்தில் மூட்டுகள் ஒளிர்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவசரப்பட்டு அப்படி முடிவுகட்டவும் மாட்டேன். எலும்பு மஜ்ஜையில் உள்ள, அயற்பொருளை விழுங்கும் செல்கள் லைப்போசோம்களை உண்மையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தொடையெலும்பை எடுத்து, மஜ்ஜையைக் கழுவி வெளியேற்றி, மஜ்ஜையிலும் வெற்றெலும்பிலும் உள்ள கதிரியக்கத்தைத் தனித்தனியே எண்ணிப் பார். ஒளி எதில் மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்து உன் முடிவு தலைகீழாக மாறக்கூடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில் டெக்னீசியம் இட்ட துகள் ஒன்றை முயலுக்குச் செலுத்தினேன். இரைப்பை பளிச்சென்று தெரிந்தது. என் துகள் இரைப்பைச் சுவரைத் தேடிப் போகிறது என்று இரண்டு வாரம் நம்பி, அறிக்கையின் முதல் வரைவையும் எழுதிவிட்டேன். மூத்த சக ஊழியர் ஒருவர் எதுவும் பேசாமல், படத்தில் கழுத்துப் பகுதியில் விரலை வைத்தார். தைராய்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. துகளோடு இருந்த பிணைப்பு விட்டுப் பெர்டெக்னிடேட் என்ற அயனியாக மாறிய டெக்னீசியம், உடலில் அயோடைடைப் போல நடந்துகொண்டு தைராய்டுக்கும் இரைப்பைக்கும் போகும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருந்தது. நான் என் துகள்மீது கொண்ட ஆசையில் அதை மறந்திருந்தேன்.

அணு துகளோடு உறுதியாக இருந்தாலும், மருந்து துகளுக்குள் இருக்கிறது என்று ஆகிவிடாது. மருந்து வழியிலேயே கசிந்துபோய், வெறும் கூடு மட்டும் கட்டியை அடைந்தாலும் படம் இதே அழகோடு இருக்கும். கூட்டுக்கு ஒன்றும் உள்ளடக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு அடையாளங்கள் இட விரும்பினால் பெட் உனக்கு உதவாது. எந்த ஐசோடோப்பானாலும், அது உமிழும் பாசிட்ரான் என்ற நேர்மின் துகள் அழியும்போது வருவது அதே 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிர்கள்தாம். காமா கதிர்களை நேரடியாகப் படமாக்கும் ஸ்பெக்ட் கருவியோ டெக்னீசியத்தின் 140ஐயும் இண்டியம்-111இன் 171, 245 ஆகியவற்றையும் ஆற்றலைக் கொண்டு பிரித்தறியும். படம் மங்கலாக வந்தாலும் சில கேள்விகளுக்கு அதுவே நேர்மையான கருவி.

இத்தனை ஐயமும் உன்னைத் தளரச் செய்வதற்கு அல்ல. 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதற்கு முந்தைய பத்தாண்டுகளின் விலங்காய்வுகளைத் திரட்டிப் பார்த்து, செலுத்திய துகள்களில் கட்டியை அடைந்தவற்றின் இடைநிலை அளவு 0.7 சதவீதமே என்று காட்டியது. எஞ்சியதில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் வாங்கிக்கொள்கின்றன. எண்ணிப் பார்க்கும் கருவி இருந்ததால்தான் இந்தக் கசப்பான கணக்கே நமக்குத் தெரியவந்தது. 2001இல் இண்டியம்-111 இட்ட லைப்போசோம்களை 17 நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, தலை, கழுத்துப் புற்றுகளில் நிறையவும், நுரையீரலில் குறைவாகவும், மார்பகத்தில் அதனினும் குறைவாகவும் சேர்ந்தன. யாருடைய கட்டி துகளை ஏற்கும் என்பதை மருந்தைக் கொடுக்கும் முன்பே அறிய முடிந்தால், பயனில்லாத சிகிச்சையின் துன்பத்தைப் பலர் தவிர்க்கலாம். அதற்கு உதவப்போகும் படம் பொய் சொல்லக் கூடாது.

இன்னொன்று, இதைத் தாயாக எழுதுகிறேன். சிர்கோனியம்-89 தன் பங்குக்கு 909 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரையும் உமிழ்கிறது. டெக்னீசியத்துக்குப் போதுமான மெல்லிய ஈயத் தடுப்பு அதை நிறுத்தாது. தடித்த ஈயத்தின் பின்னால் நின்று வேலை செய். விரலில் அணியும் கதிர் அளவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் குப்பியைத் தொடாதே.

அடுத்த முறை, லைப்போசோம் இல்லாமல் சிர்கோனியத்தை மட்டும் செலுத்திய எலியின் படத்தையும் சேர்த்து அனுப்பு. இரண்டுக்கும் ஒரே நிற அளவுகோலை வைத்தால், முழங்கால்களை அருகருகே வைத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா