கதவு வளைந்துவிட்டது, மாரி

செங்கோட்டை
ஆடி மாதம்

அன்புள்ள மாரி,

இங்கே எல்லாரும் நலம். பெரியாசாரி எழுந்து நடமாடுகிறார். "அந்த உளித் திருடன் பாலக்காட்டிலேயே தங்கிட்டானாலே?" என்று தினமும் கேட்கிறார். நீயே வந்து பதில் சொல்லிக்கொள்.

புனலூர் வீட்டு அலமாரியின் வளைவுக் கதவு பற்றிப் போனில் சொன்னபோது சிரித்தாயே, "பலகையோட பின்பக்கம் கோடு கோடா அறுத்து வளைச்சிரு, அரைநாள் வேலை" என்று? வளையும், மறுக்கவில்லை. ஆனால் அறுத்த பலகை உருண்டு வளையாது, பட்டை பட்டையாகத்தான் மடங்கும். மேலே ஒட்டும் மெல்லிய தேக்கு ஏடு, அந்த வெனீரோ அரை மில்லிமீட்டர். பாலிஷ் ஏறி ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழட்டும், ஒவ்வொரு அறுப்பும் தெரியும். அப்படி ஒரு கதவை நம்ம பட்டறையிலிருந்து அனுப்ப எனக்கு மனசில்லை.

மூன்று மில்லி பிளைவுட் ஐந்தை அடுக்கடுக்காகப் பசை தடவி வளைவான அச்சின் மேல் வைத்து, அப்படியே வேக்யூம் பைக்குள் தள்ளினேன். மாரி, நீ பார்த்திருக்க வேண்டும்! பம்ப் காற்றை உறிஞ்சியதும் சதுர மீட்டருக்கு எட்டு டன் அளவுக்கு வெளிக்காற்று அழுத்துகிறது. இரண்டடிக்கு நாலடிக் கதவுக்கு ஏறக்குறைய ஆறு டன். கிளாம்ப் பிடித்த இடத்தில்தான் அழுத்தும். இது மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராக. மேல் அச்சும் தேவையில்லை, கீழே ஒன்று போதும்.

அச்சிலிருந்து எடுத்ததும் வளைவு கொஞ்சம் விரியும். கணக்குப்படி மூன்று அடுக்கென்றால் ஒன்பதில் ஒரு பங்கு, ஐந்தென்றால் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். அதற்கேற்ப அச்சையே சற்று இறுக்கமாக வளைத்துவிட்டேன். வெனீர் இரண்டு பக்கமும் ஒட்டினேன். உள்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டால், இந்தச் சாரல் ஈரத்துக்குக் கதவு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும்.

வெள்ளைப் பசையை இந்த வேலைக்குத் தொடாதே. காய்ந்த பிறகும் இழுவைக்கு மெல்ல மெல்ல நகரும், மாதக்கணக்கில் வளைவு தளரும். யூரியா பசைதான் கல் மாதிரி நிற்கும்.

அந்தப் பசையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே சொல்லிவிட்டது. நாம் தினமும் மூச்சில் இழுக்கிற மரத்தூளும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. நான் மழை பெய்தாலும் பட்டறைக் கதவைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொண்டுதான் பசை கலக்குகிறேன். உனக்கு இருமல் நிற்கவே இல்லை என்று மதினி சொன்னார்கள். எத்தனை வருஷமாக வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்க்கிறாய்? தூசி அலர்ஜி என்று நீயே முடிவு கட்டாதே. டாக்டரிடம் போ, என்ன தொழில் என்பதையும் அவரிடம் சொல். எனக்கு ராத்திரியில் இதே நினைப்பாக இருக்கிறது.

அப்புறம், பம்ப் எங்கே வாங்கினேன், என்ன விலை, பையை எப்படி ஒட்டினேன் என்றெல்லாம் கேட்பாய். முதலில் டாக்டர் சொன்னதை எழுது. அதற்குப் பிறகுதான் அதெல்லாம் சொல்வேன்.

உன்,
கணேசன்